பணம் போன பிறகு வந்த கண்: ஆப்கான் மறுகட்டமைப்பு நிதி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நன்கொடை திரட்டுகிறவர்களிடம் எப்போதும் ஒரு பதில் கைவசம் இருக்கும்: "ஆடிட் இருக்குங்க, கவலைப்படாதீங்க." கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒரு தடவை கூடும் எங்கள் படிப்பு வட்டம் இந்த வழக்கை எடுத்ததே அந்தப் பதிலை உரசிப் பார்க்கத்தான். வட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கணக்காளர்கள் சிலர், வங்கியில் விதிமுறைப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, பொதுப்பணி இலாகாவில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், சங்கப் பொருளாளர்கள் இரண்டு மூன்று பேர். அந்தப் பொருளாளர்களில் ஒருவருடைய சங்கம், கிளிநொச்சிப் பக்கம் இன்னும் தகரக் கொட்டகையில் இருக்கும் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தர நிதி சேர்க்கிறது. ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்னால், வெளிநாட்டு உதவிப் பணம் எங்கெங்கே ஒழுகும் என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். சரி, பார்ப்பதென்றால் பெரிதாகவே பார்ப்போம் என்று ஆப்கானிஸ்தானை எடுத்தோம்.

அங்கே கண்காணிப்பே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அமெரிக்க நாடாளுமன்றம் 2008 ஜனவரியில் பாதுகாப்புத் துறைக்கான ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, ஆப்கான் மறுகட்டமைப்புக்கென்றே ஒரு சிறப்புத் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தை உருவாக்கியது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துச் 'சிகார்' என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தடித்த அறிக்கை வந்தது. கணக்காய்வாளர்கள், பொறியாளர்கள், குற்றப் புலனாய்வாளர்கள் என எல்லாரும் ஒரே கூரையின் கீழ். அந்த அறிக்கைகளில் பெரும்பாலானவை பொதுவில் கிடைக்கும். நம்மைப் போன்றவர்கள் கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு விமானத்தின் விலையையும் அது பழைய இரும்பாகப் போன விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறதென்றால், அது அவர்கள் உழைப்பு.

அப்படியிருந்தும் பணம் போனது. நான் இதில் சொல்ல வருவது ஒன்றுதான். கணக்காய்வு இருக்கிறதா என்பது பாதிக் கேள்வி. கணக்காய்வாளர் எழுதும் ஒரு வரியால் அடுத்த தவணையை நிறுத்த முடியுமா என்பது மீதி. ஆப்கானில் முதல் பாதிக்கு நல்ல பதில் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை.

எந்த வழியாகப் போனது

தாலிபான் ஆட்சி 2001 கடைசியில் விழுந்தது. 2002 ஜனவரியில் தோக்கியோவில் கூடிய நாடுகள் 4.5 பில்லியன் டாலர் தருவதாகச் சொல்லின. அன்றைக்கு அது பெரிய தொகை. அடுத்த இருபது ஆண்டில் அமெரிக்கா மட்டும் மறுகட்டமைப்பு என்ற தலைப்பில் ஒதுக்கியது ஏறக்குறைய 145 பில்லியன் டாலர். போர்ச் செலவு இதில் சேராது, அது தனிக் கணக்கு. இந்த 145-இல் 88 பில்லியன் அளவு ஆப்கான் ராணுவத்தையும் போலீஸையும் உருவாக்கி, ஆயுதம் கொடுத்து, சம்பளம் போடுவதற்கே போனது. சாலை, பள்ளிக்கூடம், மின்சாரம், மருத்துவம், போதைப்பயிர் ஒழிப்பு எல்லாம் மீதியில்.

பணம் போன வழிகள் மூன்று. முதலாவது, கொடுக்கிற நாடே குத்தகையாளரைப் பிடித்து, அவருக்கே நேரடியாகப் பணம் கொடுத்து வேலையை முடிப்பது. ஆப்கான் அரசாங்கத்தின் பட்ஜெட்டில் இந்தப் பணம் வராது. இரண்டாவது, ஆப்கான் அமைச்சுகளின் பட்ஜெட் வழியாகக் கொடுப்பது. மூன்றாவது, பல நாடுகள் ஒரே உண்டியலில் போடுவது: 2002-இல் உலக வங்கியின் பொறுப்பில் தொடங்கிய மறுகட்டமைப்பு அறநிதி ஒன்று, போலீஸ் சம்பளத்துக்காக ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடத்திய நிதி இன்னொன்று.

வெளியிலிருந்து பார்த்தால் முதல் வழிதான் பத்திரமானது போலத் தெரியும். பணம் கொடுத்தவர் கையிலேயே கடிவாளம் இருக்கிறதே. ஆனால் கட்டி முடித்த மின்நிலையத்துக்கு டீசல் யார் வாங்குவது, சாலையில் விழுந்த குழியை யார் அடைப்பது என்று கேட்டால், பட்ஜெட்டிலேயே அந்தப் பொருளைப் பார்த்திராத அமைச்சிடம் பதில் இருக்காது. இரண்டாவது வழியில் பொறுப்பு வரும், ஒழுக்கும் சேர்ந்து வரும். 2010 காபூல் மாநாட்டில், உதவியில் பாதியையாவது அரசாங்க பட்ஜெட் வழியாகக் கொடுப்பதென்று நாடுகள் ஒப்புக்கொண்டன. காகிதத்தில் நியாயமான முடிவு. அதே ஆண்டில்தான் காபூல் பேங்க் கவிழ்ந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பணம் 2002-இல் ஓட ஆரம்பித்தது, சிகார் 2008-இல் பிறந்தது. நடுவில் ஆறு ஆண்டுகள்.

இருபது விமானங்கள்

எங்கள் வட்டத்தில் நீண்ட நேரம் எடுத்துக்கொண்ட கோப்பு இது. ஆப்கான் விமானப்படைக்குச் சரக்கு விமானம் தேவை. 2008-இல் அமெரிக்க விமானப்படை ஓர் இத்தாலிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு ஜி-222 என்ற இரட்டை எஞ்சின் விமானங்கள் இருபதை வாங்கியது. புதியவை அல்ல. இத்தாலிய விமானப்படை ஓட்டி முடித்து ஒதுக்கியவற்றைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். விமானம், பராமரிப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்துக் கடைசியில் ஆன செலவு 549 மில்லியன் டாலர்.

விமானங்கள் வந்தன. பறப்பதுதான் பிரச்சினையாக இருந்தது. உதிரிபாகம் கிடைக்கவில்லை, ஒரு விமானத்தைப் பறக்கவைக்க இன்னொன்றிலிருந்து பாகத்தைக் கழற்றும் நிலை. 2012 ஜனவரி முதல் செப்டம்பர் வரை 4,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பறந்தது 234 மணி நேரம். 2013-க்குள் திட்டமே நிறுத்தப்பட்டது. காபூல் விமான நிலையத்தில் 16 விமானங்கள் வரிசையாக நின்றன, மற்ற நான்கு ஜெர்மனியில். 2014-இல் அந்தப் பதினாறையும் வெட்டிப் பழைய இரும்பாகப் போட்டார்கள். ஒரு பவுண்டு எடைக்கு ஆறு சென்ட். மொத்தம் கிடைத்தது 40,257 டாலர். அரை பில்லியனுக்கு மேல் செலவழித்த திட்டத்தில் திரும்பி வந்த தொகையைக் கொண்டு கிள்ளானில் ஒரு நல்ல லாரி வாங்கலாம்.

எங்கள் பொறியாளர் ஐயா எண்களைப் பார்த்து அதிசயப்படவில்லை. அவர் கேட்டது வேறு. "பணம் எந்தக் கட்டத்துல விட்டாங்க? டெலிவரிக்கா, பறந்ததுக்கா?" கேள்வியின் கூர்மை அதில்தான் இருக்கிறது. விமானம் வந்து இறங்கியது என்பதைக் காட்ட ஒரு ரசீது போதும். ஆறு மாதம் பழுதில்லாமல் பறந்தது என்பதைக் காட்டப் பறப்புப் பதிவேடு வேண்டும், உதிரிபாகக் கிடங்கு வேண்டும், உள்ளூர் மெக்கானிக் வேண்டும். முதலாவதை எண்ணுவது சுலபம், அதனால் அதையே எண்ணினார்கள். உற்பத்தி நின்றுபோன ஒரு விமானத்துக்கு உதிரிபாகம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி வாங்கும் மேசையிலேயே எழுந்திருக்க வேண்டியது.

2021-இல் சிகார் இதே கோப்பைத் திரும்ப எடுத்து இன்னொரு விஷயத்தையும் சொன்னது. வாங்கும் திட்டத்தில் முக்கியப் பங்கு வகித்த விமானப்படை அதிகாரி ஒருவர், ஓய்வுக்குப் பிறகு, அந்த விமானங்களை விற்ற நிறுவனத்தின் பக்கமே வேலைக்குப் போயிருந்தார். நலன்களின் மோதல் இருந்ததாகச் சிகார் கருதியது. அமெரிக்க நீதித்துறை வழக்கு தொடுக்க மறுத்துவிட்டது. ஆக, கண்காணிப்பு அலுவலகம் எல்லாவற்றையும் கண்டுபிடித்தது. யாரும் பதில் சொல்லவில்லை. விமானமும் இல்லை.

இதைப் படித்துவிட்டு அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதி கொஞ்சம் குறைவுதான். நம் மலேசியக் கடற்படைக்கான எல்சிஎஸ் போர்க்கப்பல் விவகாரத்தில் 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு சொன்னது நினைவிருக்கும்: ஆறு கப்பலுக்கு 9 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் ஒப்பந்தம், அதில் 6 பில்லியனுக்கு மேல் கொடுத்தாயிற்று, ஒரு கப்பல்கூட வந்து சேரவில்லை. போர் எதுவும் நடக்காத நாட்டில், நம் கண் முன்னால்.

மத்தியதரைக் கடலில் ஒரு மருத்துவமனை

இரண்டாவது கோப்பு சிறியது, ஆனால் எனக்குப் பிடித்தது. அமெரிக்க உதவி அமைப்பான யூஎஸ்எய்ட் பணத்தில் ஆப்கானில் நூற்றுக்கணக்கான சிற்றூர் மருத்துவமனைகள் நடந்தன. 2015-இல் சிகார் அவற்றின் ஜிபிஎஸ் புள்ளிகளைக் கேட்டு வாங்கி, செயற்கைக்கோள் படத்தோடு வைத்துப் பார்த்தது. 641 நிலையங்கள் கொண்ட பட்டியல். கொடுத்த புள்ளிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் தவறு. 13 புள்ளிகள் ஆப்கானிஸ்தானிலேயே இல்லை. சில பாகிஸ்தானில், சில தஜிகிஸ்தானில், ஒன்று மத்தியதரைக் கடலுக்கு நடுவில். 189 புள்ளிகளில் 400 அடி சுற்றளவில் கட்டடம் என்று எதுவுமே தெரியவில்லை.

செய்தித்தாள்களுக்கு இது விருந்து. "இல்லாத மருத்துவமனைக்குப் பணம்" என்று எழுதினார்கள். ஆனால் பிறகு ஹெராத் மாநிலத்தில் சிகார் ஆட்கள் நேரில் போய்ப் பார்த்தபோது மருத்துவமனைகள் இருந்தன. பட்டியலில் சொன்ன இடத்தில் இல்லை, அவ்வளவுதான். இதைத் திருட்டு என்று முடிவுகட்டுவதும் தப்பு, எழுத்துப்பிழை என்று விட்டுவிடுவதும் தப்பு. ஆண்டுக்கணக்கில் பணம் அனுப்பிக்கொண்டிருந்த அலுவலகத்தில் யாரும் ஒரு நாள்கூட அந்தப் புள்ளியை வரைபடத்தில் போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் அந்தக் கோப்பு காட்டுவது. கடலுக்குள் இருக்கும் புள்ளியைக் கண்டுபிடிக்க ஆப்கானிஸ்தானுக்குப் போகத் தேவையில்லை. கைப்பேசி போதும், ஐந்து நிமிடம் போதும்.

நேரில் போவது அங்கே எளிதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2014 கடைசியில் படைகள் குறைந்ததும், அமெரிக்கக் கண்காணிப்பு அதிகாரிகள் பத்திரமாகப் போய்வரக்கூடிய பகுதி நாட்டில் 21 சதவீதமாகச் சுருங்கிவிடும் என்று சிகார் 2013-இலேயே எச்சரித்தது. மீதி ஐந்தில் நான்கு பங்கு நாட்டைப் பார்க்க உள்ளூர் ஆட்களை நியமித்து, புகைப்படமும் குறிப்பும் வாங்கினார்கள். புகைப்படம் சரியான ஊரில் எடுத்ததா என்று பார்க்கத் திரும்பவும் அதே ஜிபிஎஸ் புள்ளி வேண்டும்!

கையெழுத்து இருந்த வங்கி

காபூல் பேங்க் 2004-இல் தொடங்கியது. ராணுவம், போலீஸ், ஆசிரியர் சம்பளம் அதன் வழியாகத்தான் போனது, அதாவது வெளிநாட்டு உதவிப் பணத்தின் ஒரு பெரிய ஓடை. 2010 செப்டம்பரில் மக்கள் வாசலில் வரிசைகட்டி நின்றார்கள். உள்ளே பார்த்தால் இரட்டைக் கணக்கு. வெளியே காட்ட ஒன்று, உண்மைக்கு ஒன்று. கடனில் 92 சதவீதம் 19 நபர்களுக்கும் நிறுவனங்களுக்கும் போயிருந்தது. அதிபர், துணை அதிபர் ஆகியோரின் உடன்பிறந்தவர்களும் பங்குதாரர் பட்டியலில். இழப்பு 900 மில்லியன் டாலருக்கு மேல், அந்த நாட்டின் பொருளாதாரத்தோடு ஒப்பிட்டால் பயங்கரமான தொகை.

எங்கள் வட்டத்தில் கணக்காளர்கள் கொஞ்சம் அமைதியானது இங்கேதான். வெளிக் கணக்காய்வு நிறுவனம் ஒன்று அந்த வங்கியின் ஆண்டுக் கணக்கில் கையெழுத்துப் போட்டிருந்தது. வெளிநாட்டுப் பணத்தில் அமர்த்தப்பட்ட ஆலோசகர்கள் மத்திய வங்கிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டுக் கணக்காய்வு என்பது நிர்வாகம் கொடுத்த தாள்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர் கொடுக்கும் தாள்கள் மிக நன்றாகவே பொருந்தும்.

வங்கியில் இருக்கும் அக்கா சொன்னது: "கடன் வாங்கினவங்க பேர வெட்டிட்டு ஐசி நம்பர மட்டும் வச்சுப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும், எல்லாரும் ஒரே வீட்டு ஆளுங்கன்னு." ஆப்கானில் அப்போது நம்பத்தகுந்த அடையாள எண்ணே எல்லாரிடமும் இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. சம்பளப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாத சிப்பாய்கள் ஆண்டுதோறும் சம்பளம் வாங்கிய கதையும் அங்கிருந்துதான் வருகிறது.

செலவழித்தே ஆக வேண்டும்

திருட்டைப் பற்றிப் பேசுவது சுவாரஸ்யமானது. ஆனால் கோப்புகளைப் படிக்கப் படிக்க, திருட்டைவிடப் பெரிய காரணம் அவசரம் என்றே எனக்குப் படுகிறது. ஒதுக்கிய பணம் நிதியாண்டுக்குள் செலவாக வேண்டும். செலவழிக்காத அதிகாரி சோம்பேறி, செலவழித்தவர் சுறுசுறுப்பானவர். அதிகாரிகள் ஓராண்டு, சில சமயம் அதற்கும் குறைவாக இருந்துவிட்டு மாற்றலாகிப் போனார்கள். வருகிறவர் கையில் முதல் மூன்று மாதம் படிப்பு, கடைசி மூன்று மாதம் மூட்டைகட்டல். நடுவில் இருக்கும் ஆறு மாதத்தில் ஏதாவது கட்டித் திறப்புவிழா நடத்த வேண்டும்.

அது மட்டுமில்லை. தளபதிகள் கையில் நேரடியாகச் செலவழிக்கப் பணம் கொடுக்கும் ஒரு திட்டம் இருந்தது. 2003-இல் ஈராக்கில், சதாம் ஆட்சியிலிருந்து கைப்பற்றிய ரொக்கத்தைக் கொண்டு தொடங்கியது, பிறகு ஆப்கானுக்கும் வந்தது. கிணறு, மதகு, பள்ளிச் சுவர் என்று ஊர்க்காரர்களின் மனதைச் சம்பாதிப்பதற்கான பணம். கிணறு வேலை செய்ததா என்பதைவிட அந்த மாதம் அந்த ஊரில் துப்பாக்கிச் சத்தம் குறைந்ததா என்பதுதான் அங்கே அளவுகோல். பொறியாளர் ஐயாவுக்கு இதில் மிகவும் கோபம். கிணற்றுக்கு அளவுகோல் தண்ணீர்தானே என்றார்.

ஒரு நாட்டின் பொருளாதாரம் எவ்வளவு உதவியை வாங்கிக்கொள்ளும் என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை உண்டு: மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 15 முதல் 45 சதவீதம் வரை. அதற்கு மேல் போனால் பணம் வேலையாக மாறாமல் விலைவாசியாகவும் லஞ்சமாகவும் துபாயில் வீடாகவும் மாறும். 2007-இலும் 2010-இலும் ஆப்கானுக்கான அமெரிக்க மறுகட்டமைப்புப் பணம் 100 சதவீதத்தைத் தாண்டியது என்று சிகார் எழுதியிருக்கிறது. அதாவது நாடே ஓராண்டில் சம்பாதிப்பதைவிட அதிகமான பணத்தை ஒரே ஒரு நாடு அங்கே கொட்ட முயன்றிருக்கிறது. இந்த வேகத்தில் எந்தக் கணக்காய்வாளர் வந்தாலும் ஓடும் ரயிலுக்குப் பின்னால்தான் ஓட வேண்டும்.

முடிவில் என்ன மிஞ்சியது என்பதற்கு ஒரு கணக்கு. 2021 தொடக்கத்தில் சிகார் தான் ஏற்கெனவே ஆய்வு செய்த 7.8 பில்லியன் டாலர் மதிப்புள்ள கட்டடங்களையும் வாகனங்களையும் திரும்பப் பார்த்தது. 2.4 பில்லியன் மதிப்பிலானவை பயன்படாமல் கிடந்தன, கைவிடப்பட்டிருந்தன, வேறு எதற்கோ பயன்பட்டன அல்லது சிதைந்திருந்தன. நல்ல நிலையில் பராமரிக்கப்பட்டவை 343 மில்லியன் மதிப்புக்குத்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் தாலிபான் காபூலுக்குள் நுழைந்தது.

கண்காணித்தவரின் கணக்கு

சிகாரை வெறும் புலம்பல் அலுவலகம் என்று சொன்னால் அநியாயம். அதன் விசாரணைகளால் 160 பேருக்கு மேல் தண்டனை பெற்றார்கள். பில்லியன் கணக்கில் பணம் மிச்சமானதும் மீட்கப்பட்டதும் உண்டு. ஆனால் அதற்கு இருந்த அதிகாரம் பரிந்துரைப்பதுதான். பென்டகன் "ஏற்கவில்லை" என்று ஒரு வரி எழுதினால் அந்த வரியோடு விஷயம் அறிக்கையின் பின்னிணைப்புக்குப் போய்விடும்.

சிகாருக்கும் சறுக்கல் உண்டு. 2015-இல் ஷெபர்கான் நகரில் ஓர் இயற்கை எரிவாயு நிரப்பு நிலையத்துக்கு 43 மில்லியன் டாலர் செலவானது என்று அறிவித்து உலகச் செய்தியாக்கியது. பாகிஸ்தானில் இதே மாதிரி நிலையம் 5 லட்சம் டாலருக்குள் முடியும் என்று ஒப்பீடும் போட்டது. பிறகு கிளறினால், கட்டுவதற்கான ஒப்பந்தம் 3 மில்லியன் அளவுதான். மீதியில் பெரும்பகுதி ஆலோசகர், நிர்வாகம், பாதுகாப்பு என்று அந்தத் திட்டத்தின் தலையில் ஏற்றப்பட்ட பொதுச் செலவு, அதிலும் ஏற்றிய விதம் சரியா என்று சண்டை. 2016-இல் செனட் விசாரணையில் சிகாரையே கேள்வி கேட்டார்கள். தலைப்புச் செய்தியாக வேண்டும் என்ற ஆசை கணக்காய்வாளருக்கு வந்தால், எதிர்த்தரப்பு அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்ற தொண்ணூற்றொன்பதையும் தள்ளிவிடும். மூன்று மில்லியனும் தண்டச் செலவுதான், அந்த ஊரில் எரிவாயுவில் ஓட்டும்படி கார் மாற்றும் வசதி பெரும்பாலோருக்கு இல்லை. அந்த வாதம் போதுமானதாக இருந்திருக்கும்.

வன்னிப் பக்கம் திரும்பினால்

நம் பொருளாளரின் கவலை காபூல் அல்ல, கிளிநொச்சி. அங்கேயும் இதே வகைக் கதைகள் உண்டு. 2003 ஜூனில் தோக்கியோவில் நாடுகள் கூடி இலங்கைக்கும் 4.5 பில்லியன் டாலர் என்றார்கள், ஆப்கானுக்குச் சொன்ன அதே தொகை. வடகிழக்கில் அந்தப் பணத்தை யார் கையில் வைப்பது என்பதிலேயே காலம் போனது. சுனாமிக்குப் பிறகு 2005 ஜூனில் அரசும் புலிகளும் சேர்ந்து நிவாரணப் பணத்தை நிர்வகிக்க ஓர் அமைப்புக்குக் கையெழுத்திட்டார்கள். மூன்று வாரத்தில் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை போட்டது. போர் திரும்ப வந்தது, 2009 மே மாதத்தில் எப்படி முடிந்தது என்பது இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போருக்குப் பின் வந்த திட்டங்களில் எங்கள் வட்டம் எடுத்துப் பார்த்தது இந்தியாவின் வீடமைப்பு. மொத்தம் 50,000 வீடுகள், அதில் 46,000 வடக்கிலும் கிழக்கிலும். மொத்த மானியம் 1,372 கோடி இந்திய ரூபாய். மாதிரியாக 1,000 வீடுகளை 2012-இல் குத்தகையாளர் வழியாகக் கட்டி முடித்தார்கள். அடுத்த கட்டத்தில், 2012 அக்டோபர் 2 முதல், முறையை மாற்றினார்கள். வீட்டுக்காரரே தன் வீட்டைக் கட்டிக்கொள்வார். புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், பழுதுபார்க்க 2,50,000. பணம் கட்டம் கட்டமாக அவர் வங்கிக் கணக்கில் நேராக விழும். ஐ.நா. குடியிருப்பு அமைப்பு, செஞ்சிலுவை, தேசிய வீடமைப்பு அதிகார சபை போன்றவை தொழில்நுட்ப ஆட்களை அனுப்பி, அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழும்பியதா என்று பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் அடுத்த தவணை.

இது நமக்குப் பழக்கமான ஏற்பாடு. மலேசியாவில் புது வீடு வாங்கியவர் எல்லாருக்கும் தெரியும். அத்திவாரத்துக்கு இவ்வளவு, சட்டகத்துக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று ஒப்பந்த அட்டவணையில் இருக்கும். கட்டடக் கலைஞரின் சான்று வந்தால்தான் வங்கி பணத்தை விடும். கடைசி 5 சதவீதத்தை வழக்கறிஞர் பிடித்து வைத்துக்கொள்வார். சாவி கொடுத்து 8 மாதம் கழித்துப் பாதி, 24 மாதம் கழித்து மீதிப் பாதி. மேம்பாட்டாளர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியே தேவைப்படாத முறை.

ஜி-222 கோப்பையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. வன்னி வீட்டில் சுவரைப் பார்த்துக் கையெழுத்திடும் ஆளால் அடுத்த தவணையை நிறுத்த முடியும். அந்தச் சுவருக்குள் வாழப்போகிறவரும் பக்கத்திலேயே நிற்கிறார். சிமெண்டு குறைந்தால் நஷ்டம் அவருக்கு.

குறை இல்லாமல் இல்லை. 5,50,000 ரூபாய் போதவில்லை. மணல், சிமெண்டு, மேசன் கூலி எல்லாம் ஒரே நேரத்தில் ஏறியது. கணவரை இழந்த பெண்கள் வேலைக்கு ஆள் பிடிக்க முடியாமல் திண்டாடினார்கள். ஒரு கட்டத்தை முடித்தால்தான் அடுத்த பணம் என்பதால் நடுவில் கடன் வாங்கினார்கள், நகையை அடகு வைத்தார்கள். வீடு எழும்பியது, கடனும் கூடவே எழும்பியது. வங்கி அக்கா இதைத்தான் விடாமல் பிடித்தார். "தவணை முறை நம்ம பணத்துக்குப் பாதுகாப்பு, சரி. அந்தம்மாவுக்கு யாரு பாதுகாப்பு?" கட்டுப்பாட்டின் செலவை ஏழையின் தலையில் இறக்குவது கண்காணிப்பு ஆகாது என்பது அவர் கட்சி. நானும் அவர் பக்கம்தான்.

நேர்மாறான உதாரணமும் வடக்கிலேயே இருக்கிறது. 2015-16இல் 65,000 இரும்புப் பொருத்து வீடுகளை (முன்பே செய்த பாகங்களைப் பொருத்திக் கட்டுபவை) ஒரு பன்னாட்டு நிறுவனத்தை வைத்துக் கட்டப்போவதாக இலங்கை அரசு அறிவித்தது. வீடு ஒன்றுக்கு 21 லட்சம் ரூபாய்க்கு மேல். அதே பணத்தில் இரண்டு கல்வீடு கட்டலாம், அந்த வெயிலில் இரும்பு வீட்டுக்குள் யார் இருப்பது, பழுதானால் ஊர் மேசன் எப்படிச் சரிசெய்வார் என்று யாழ்ப்பாணத்தில் எதிர்ப்பு எழுந்தது. அறிவித்த வடிவில் அந்தத் திட்டம் நடக்கவில்லை. ஜி-222-இல் வாங்கும் மேசையில் யாரும் கேட்காத கேள்வியை இங்கே ஊர்க்காரர்களே, பணம் போவதற்கு முன்னால், கேட்டுவிட்டார்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்கள்

பொருளாளரின் சங்கம் தயாரித்த வரைவில் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முதல் தவணை முன்பணம், எந்தச் சான்றும் கேட்காமல், அத்திவாரத்துக்கும் கூலிக்கும் போதுமான அளவுக்கு. அது அக்காவின் வெற்றி. அடுத்த தவணைகளுக்கு, ஊரிலுள்ள தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர் எடுக்கும் படத்தில் இடப்புள்ளி இருக்க வேண்டும், அதைக் கோலாலம்பூரில் ஒருவர் வரைபடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். அவர் "நிறுத்து" என்றால் தலைவர் உட்பட யாரும் பணத்தை விட முடியாது, செயற்குழு கூடித்தான் முடிவெடுக்க வேண்டும். கடைசித் தவணையில் ஒரு பங்கு, ஒரு மாரிகாலம் தாண்டிக் கூரை ஒழுகவில்லை என்று வீட்டுக்காரரே சொன்ன பிறகு. ஒப்பந்த நகல் தமிழில், வீட்டுக்காரர் கையிலும் ஒன்று.

இதில் இடித்துக்கொண்டு நிற்பது அந்தத் தொழில்நுட்ப உதவியாளரின் சம்பளம். "நன்கொடையில் ஒரு சென்கூட நிர்வாகத்துக்கு எடுக்கமாட்டோம்" என்று சங்கம் துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்துவிட்டது. கொடுப்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது. நூறு வெள்ளி கொடுத்தால் நூறும் அங்கே போக வேண்டும் என்பார்கள். பார்க்க ஆள் போட்டால் நூறில் சில வெள்ளி அவருக்குப் போகும். பொறியாளர் ஐயா பொருளாளரிடம் நேராகவே சொன்னார்: "தம்பி, பாக்க ஆள் இல்லாம நூறு அனுப்புனா எவ்வளவு சுவராகுதுன்னு உங்களுக்கும் தெரியாது, குடுத்தவருக்கும் தெரியாது." சங்கத் தலைவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. செயற்குழுவில் வாக்கெடுப்புக்கு விடப்போவதாகப் பொருளாளர் சொல்கிறார். தோற்றால், மேற்பார்வைச் செலவை மட்டும் தனி ரசீதில் தனி நன்கொடையாகக் கேட்பது என்ற மாற்றுத் தீர்மானமும் அவரிடம் தயாராக இருக்கிறது.